வயோமிங்: ஆகஸ்டில் குடியரசுக் கட்சி வாக்குச்சீட்டு ஏன் தரவில்லை?

அமெரிக்காவின் வயோமிங் மாநிலத்தில் ஆகஸ்டு உட்கட்சித் தேர்தலில் (கட்சி தன் வேட்பாளரைத் தேர்ந்தெடுக்கும் தேர்தல்) குடியரசுக் கட்சிச் சீட்டு கேட்டும் தரவில்லையே, ஏன் என்று கேட்டிருந்தீர்கள். வாக்குச்சாவடியில் மறுத்தது சரிதான். ஜனநாயகக் கட்சியில் பதிவான நீங்கள் அன்றைக்கே மாறி அந்தச் சீட்டைக் கேட்க முடியாது. 2023 சட்டப்படி, மே மாதம் வேட்பாளர்களின் மனுத்தாக்கல் தொடங்கிவிட்டால் ஆகஸ்டு உட்கட்சித் தேர்தல் முடியும்வரை கட்சி மாற்றம் கிடையாது.

2022 நினைப்பில் போயிருப்பீர்கள் போல. அப்போது வாக்களிக்கும் நாளிலேயே மாறலாம். குடியரசுக் கட்சியின் அன்றைய எம்.பி. லிஸ் செனியை உட்கட்சித் தேர்தலில் காப்பாற்றப் பலர் மாறினார்கள். அப்படியும் அவரை எதிர்த்து நின்ற ஹாரியட் ஹேகமன் சுமார் 66 சதவீதம் வாங்கி ஜெயித்தார். அதற்கப்புறம்தான் இந்தப் பூட்டு.

கவுண்டி கிளார்க் (உங்கள் வட்டாரத்தில் வாக்காளர் பதிவைக் கவனிப்பவர்) அலுவலகத்துக்குப் போன் போட்டு, உங்கள் பெயருக்கு எதிரே எந்தக் கட்சி இருக்கிறதென்று கேளுங்கள். மாறுவதானால் அடுத்த முறை ஏப்ரலுக்குள் முடித்துவிடுங்கள்.

நவம்பர் பொதுத் தேர்தலில் இந்தத் தடை இல்லை, யாருக்கும் போடலாம். ஆனால் மாநிலத்துக்கே அமெரிக்க நாடாளுமன்றக் கீழவையில் ஒரே இடம். ஜனநாயகக் கட்சி அதைக் கடைசியாக வென்றது 1976இல்.