‘இன்டு’வும் ‘பை’யும் அடுத்தடுத்து உட்காரலாமா?

(தம்புச் செட்டித் தெருவில் ஒரு கப்பல் ஏஜென்சியில் முப்பது வருஷம் கடிதம் தட்டச்சு செய்து ஓய்வு பெற்ற அம்மா பதில் சொல்கிறார். ஆங்கில வாக்கியங்களை வாய்விட்டுப் படித்துப் பாருங்கள்.)

அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு கம்பெனியில் கஸ்டமர் செக்‌ஷனில் இருக்கிறேன் அம்மா. ‘யுவர் கம்ப்ளெயின்ட் வில் பி லுக்ட் இன்டு பை அவர் இன்ஜினியர்’ என்று மெயில் எழுதினேன். இரண்டு ப்ரிபொசிஷன் பக்கத்துப் பக்கத்தில் வரக் கூடாது என்று சீனியர் ‘இன்டு’வை அடித்துவிட்டு அனுப்பச் சொன்னார். யார் சரி?
– வாசகர், பெரம்பூர்

நீங்கள்தான் சரி. உங்கள் சீனியர் அடித்த பிறகு அந்த வாக்கியத்துக்கு அர்த்தமே இல்லை. ‘லுக்’ என்றால் பார். ‘லுக் இன்டு’ என்றால் விசாரி. ‘லுக் ஆஃப்டர்’ கவனித்துக்கொள், ‘லுக் ஃபார்’ தேடு. பின்னால் வரும் குட்டிச் சொல்தான் வினையின் பொருளையே தீர்மானிக்கிறது. அதை எடுத்துவிட்டால் என்ன மிஞ்சும்?

நமக்கு இது உறுத்துவதற்குக் காரணம் உண்டு. தமிழில் வேற்றுமை உருபு பெயர்ச்சொல்லின் வாலில் ஒட்டிக்கொண்டே பிறக்கும். பெட்டியில், பேனாவால், கடைக்கு. பெயரை விட்டுத் தனியாக ஒரு ‘இல்’ நின்று நாம் பார்த்ததில்லை. ஆங்கிலத்தில் நிற்கும். செய்வினையில் எழுதிப் பாருங்கள்: ‘அவர் இன்ஜினியர் வில் லுக் இன்டு யுவர் கம்ப்ளெயின்ட்.’ இதைச் செயப்பாட்டுவினை ஆக்கும்போது ‘கம்ப்ளெயின்ட்’ முன்னால் ஓடிவிடுகிறது. ‘இன்டு’ அதன் பின்னால் ஓடாது, வினையோடேயே நின்றுவிடும். அப்புறம்தான் ‘பை’ வருகிறது, இன்ஜினியரைக் கூட்டிக்கொண்டு. பெரம்பூரில் 29சி ஏறுகிறீர்கள் என்று வையுங்கள். உங்கள் பக்கத்து ஸீட்டில் இருப்பவர் உங்களுக்குச் சொந்தமா என்ன? ‘இன்டு’ முன்னால் இருக்கிற வினையோடு வந்த ஆள், ‘பை’ பின்னால் இருக்கிற இன்ஜினியரோடு வந்த ஆள். ஸீட் பக்கத்தில் கிடைத்தது, அவ்வளவுதான்.

இதே மாதிரி ‘வில் பி டெல்ட் வித் பை தி மேனேஜர்’, ‘வில் பி பெயிட் ஃபார் பை தி கம்பெனி’, ‘வில் பி டேக்கன் கேர் ஆஃப் பை ஹர் சிஸ்டர்’ எல்லாம் சுத்தமான ஆங்கிலம்.

நம் ஊரில் அதிகம் அடிபடுவது ஆஸ்பத்திரி வாக்கியம். ‘நாளைக்கு ஆப்பரேட் பண்றாங்க’ என்று பேசிப் பேசி, ‘தி பேஷன்ட் வில் பி ஆப்பரேட்டட் டுமாரோ’ என்று எழுதிவிடுகிறோம். இயக்கப்படுவது மெஷின். மனுஷனுக்கு ‘ஆப்பரேட்டட் ஆன்’ வேண்டும். ‘ஆப்பரேட்டட் ஆன் டுமாரோ’ என்று எழுதினால், ‘ஆன் டுமாரோ’ தப்பாச்சே என்று யாராவது அந்த ‘ஆன்’மேல் கை வைப்பார். அந்த ‘ஆன்’ நாளைக்குச் சொந்தமில்லை என்று சொல்லுங்கள். திங்கட்கிழமை என்றால் இன்னும் வேடிக்கை: ‘வில் பி ஆப்பரேட்டட் ஆன் ஆன் மண்டே.’ இலக்கணப்படி சரி, கண்ணுக்குத்தான் அச்சுப்பிழை மாதிரி தெரியும். நானாக இருந்தால் ‘ஆன் மண்டே’யைத் தூக்கி வாக்கியத்தின் தலையில் வைத்துவிடுவேன்.

வாக்கியம் ப்ரிபொசிஷனில் முடியக் கூடாது என்று பள்ளிக்கூடத்தில் சொல்லியிருப்பார்கள். ஜான் டிரைடன் என்ற ஆங்கிலக் கவி 1672-இல் கிளப்பிவிட்ட குறை அது. செயப்பாட்டுவினையில் அதைக் கடைப்பிடிக்கவே முடியாது. ‘யுவர் கம்ப்ளெயின்ட் வில் பி லுக்ட் இன்டு’ என்பதில் ‘இன்டு’வை நகர்த்த வேறு இடம் எங்கே இருக்கிறது?

ஒன்று மட்டும் சொல்கிறேன். கோபத்தில் இருக்கிற கஸ்டமருக்கு ‘விசாரிக்கப்படும்’ என்று எழுதினால் இன்னும் கோபம்தான் வரும். ‘அவர் இன்ஜினியர் வில் கால் யூ டுமாரோ’ என்று எழுதிவிடுங்கள், சீனியருக்கும் சண்டை போட விஷயம் இருக்காது.

வாடகை ஒப்பந்தத்தில் ‘தி அட்வான்ஸ் வில் பி ரீஃபண்டட் இன் ஒன் மன்த்’ என்று இருக்கிறது. ஒரு மாதத்துக்குள் என்று நான் நினைத்தேன். ஒரு மாதம் கழித்து என்கிறார் ஹவுஸ் ஓனர்.
– வாசகி, மடிப்பாக்கம்

பத்து மாத அட்வான்ஸா? அப்படியானால் உங்கள் தவிப்பு புரிகிறது. சட்டம் வக்கீல் சொல்வார், நான் மொழியை மட்டும் சொல்கிறேன். ‘இன் ஒன் மன்த்’ என்றால் பெரும்பாலும் ஒரு மாதம் ஆகும்போது என்றுதான் படிப்பார்கள். அதற்குள் எந்த நாளிலும் என்பதற்கு ‘விதின்’ போட்டிருக்க வேண்டும். எந்த நாளிலிருந்து ஒரு மாதம் என்பதும் அதில் இல்லை, யார் யாருக்குத் தர வேண்டும் என்பதும் இல்லை. அடுத்த வீட்டுக்காவது இப்படி எழுதச் சொல்லுங்கள்: ‘தி அட்வான்ஸ் ஷல் பி ரீஃபண்டட் டு தி டெனன்ட் பை தி ஓனர் விதின் தர்ட்டி டேஸ் ஆஃப் வெகேட்டிங்.’ ‘டு’ வாங்குபவருக்கு, ‘பை’ கொடுப்பவருக்கு, ‘விதின்’ கெடுவுக்கு, ‘ஆஃப்’ கணக்குத் தொடங்கும் இடத்துக்கு.

தமிழில் ‘க்குள்’ ஒன்றே போதும்: முப்பது நாளைக்குள், முப்பதாம் தேதிக்குள். ஆங்கிலத்தில் கால அளவு என்றால் ‘விதின்’, தேதி என்றால் ‘பை’. ‘மெயின்டனன்ஸ் ஷுட் பி பெயிட் விதின் டென்த்’ என்று லிஃப்ட் பக்கத்தில் ஒட்டுகிறார்களே, அங்கே ‘பை தி டென்த்’ வர வேண்டும்.

‘பை சண்டே’, ‘அன்டில் சண்டே’, எங்கே எது?
– கல்லூரி மாணவர், ராயபுரம்

இந்தக் கேள்விக்கு நான் ஏற்கெனவே விலை கொடுத்திருக்கிறேன் தம்பி. 1983. வேலைக்குச் சேர்ந்து சில மாதம்தான். துறைமுக ஷெட்டில் ஒரு பார்ட்டியின் மெஷின் சாமான் கிடந்தது. சனிக்கிழமை வரை வாடகை கிடையாது, அதற்குமேல் நாளுக்கு நாள் டெமரேஜ். நான் தட்டிய கடிதம்: ‘யுவர் கார்கோ வில் பி கெப்ட் இன் தி ஷெட் பை சாட்டர்டே.’ மேனேஜர் அவசரத்தில் கையெழுத்துப் போட்டார். சனிக்கிழமைக்குள்தான் ஷெட்டுக்கே கொண்டுவந்து வைப்பார்கள் என்று அந்த மனிதர் படித்திருக்கிறார். திங்கட்கிழமை காலை சாவகாசமாக லாரியோடு வந்தார். இரண்டு நாள் டெமரேஜ் ஏறியிருந்தது. கடிதத்தை மேஜைமேல் போட்டு, ‘இதுல என்னம்மா எழுதியிருக்கு, நீயே படி’ என்றார். படித்தேன். அவர் படித்த மாதிரிதான் இருந்தது. பணத்தைக் கம்பெனி கட்டியது, திட்டை நான் வாங்கினேன்.

அன்றைக்கு மேனேஜர் கேட்டது ஒன்றுதான்: ‘தமிழ்ல என்ன நெனச்சே?’ ‘சனிக்கிழமை வரைக்கும்’ என்றேன். ‘வரைக்கும்னா அன்டில். க்குள்ளன்னா பை. இதுல என்ன கஷ்டம்?’ அதற்குப் பிறகு நான் தடுமாறியதில்லை. ஒரு வேலை நீடித்துக்கொண்டே இருந்தால் ‘அன்டில்’, ஒரு நேரத்துக்கு முன் முடிந்தாக வேண்டும் என்றால் ‘பை’. ‘தி ரோடு வில் பி க்ளோஸ்ட் அன்டில் சண்டே.’ ‘தி ரோடு வில் பி ரிப்பேர்ட் பை சண்டே.’ இரண்டையும் ஒரே போர்டில் எழுதலாம். நடக்குமா என்பது வேறு.

எங்கள் அசோசியேஷன் நோட்டீஸ்: ‘தி சம்ப் வில் பி க்ளீன்ட் பை ப்ளீச்சிங் பவுடர்.’ தப்பு என்று படுகிறது, ஏன் என்று சொல்லத் தெரியவில்லை.
– வாசகி, வேளச்சேரி

ப்ளீச்சிங் பவுடரே சம்ப்பில் இறங்கித் தேய்க்கப் போகிறது என்று ஆகிறது. தேய்ப்பவர் ‘பை’, தேய்க்க உதவும் பொருள் ‘வித்’: ‘வில் பி க்ளீன்ட் வித் ப்ளீச்சிங் பவுடர் பை டூ வொர்க்கர்ஸ்.’ செயலாளரைத் திட்டாதீர்கள். நமக்கு ‘ஆல்’ இரண்டுக்கும் ஒன்றுதான். ‘கத்தியால் வெட்டப்பட்டது’, ‘திருடனால் வெட்டப்பட்டது’. மூன்றாம் வேற்றுமைக்குக் கருவி, கருத்தா இரண்டையும் பொருளாக நன்னூலே சொல்கிறது. அந்தப் பழக்கத்தில் எல்லா ‘ஆலு’க்கும் ‘பை’ போட்டுவிடுகிறோம். நிரப்புவதற்கும் ‘வித்’தான்: ‘வில் பி ஃபில்ட் வித் மெட்ரோ வாட்டர்.’ ஆனால் தண்ணீர் ‘வில் பி ப்ராட் பை லாரி’. போக்குவரத்துக்கும், ‘பை போஸ்ட்’, ‘பை ஹேண்ட்’ போன்றவற்றுக்கும் ‘பை’.

‘தி மேட்டர் வில் பி டிஸ்கஸ்ட் அபவுட் இன் தி மீட்டிங்’ சரியா?
– வாசகர், கொளத்தூர்

இல்லை. பெரம்பூர் வாசகருக்குச் சொன்ன மாதிரி செய்வினையில் எழுதிப் பாருங்கள்: ‘வி வில் டிஸ்கஸ் தி மேட்டர்.’ அங்கே ‘அபவுட்’ இல்லை, அதனால் இங்கேயும் வராது.