கார்லோவி வாரிக்கு ஒரு நாள் டூர்

கடிதம்:

வணக்கம் சார்,

ப்ராக் பற்றி நீங்கள் எழுதிய பயணக் குறிப்புகளைப் படித்தேன். நான் வங்கியிலிருந்து ஓய்வு பெற்றவன். மகள் ப்ராகில் வேலை பார்க்கிறாள். செப்டம்பரில் நானும் மனைவியும் அவளிடம் போகிறோம். அவளுக்கு லீவு கிடைக்காத ஒரு நாளில் எங்களைச் செக் நாட்டின் வெந்நீர் ஊற்று நகரமான கார்லோவி வாரிக்கு கைடோடு போகும் பஸ் டூரில் அனுப்பிவைக்க ஏற்பாடு செய்திருக்கிறாள். காலையில் கிளம்பி இரவு சாப்பாட்டுக்குத் திரும்பிவிடலாமாம். பன்னிரண்டு ஊற்றுகளின் தண்ணீரையும் ருசிக்கலாம் என்று விளம்பரத்தில் இருக்கிறது.

நண்பர் ஒருவர், குடையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நடக்கும் கைடு பின்னால் ஓடுவதெல்லாம் பயணமே இல்லை, தனியாகப் போங்கள் என்கிறார். உங்கள் கருத்து என்ன? ஒரு நாளில் அங்கே என்ன தெரிந்துவிடும்? அந்தத் தண்ணீரில் உண்மையிலேயே ஏதாவது இருக்கிறதா? எனக்கு பிபி உண்டு, மனைவிக்குச் சர்க்கரை. அவள் சைவம் வேறு. துண்டும் மாற்றுத்துணியும் எடுத்துப் போகவேண்டுமா என்று கேட்கச் சொன்னாள்.

அன்புடன்,
ஆர்., கோவை

பதில்:

அன்புள்ள ஆர்.,

துண்டு வேண்டாம். கார்லோவி வாரியில் ஊற்று என்றால் முதலில் குடிக்கிற ஊற்று. குளியலும் உண்டு. ஆனால் அது விடுதிகளுக்கும் சிகிச்சை நிலையங்களுக்கும் உள்ளே, முன்பதிவு செய்து, நேரம் குறித்து நடப்பது. ஒரு நாள் வருகிறவர்கள் கையில் பீங்கான் கோப்பையோடு நடப்பார்கள், அவ்வளவுதான். ஊரின் தலைமை ஊற்றான வ்ரீட்லோவில் இறங்கவும் முடியாது. தண்ணீரின் சூடு 73 டிகிரி.

கைடோடு போவதா, தனியாகவா? மற்ற பல ஊர்களுக்கு நான் உங்கள் நண்பர் கட்சி. இந்த ஊருக்கு மட்டும் கைடோடு போங்கள் என்பேன். தனியாகப் போவதில் சிரமம் ஏதும் இல்லை. ப்ராகிலிருந்து சுமார் 130 கிலோமீட்டர், பஸ்ஸில் இரண்டேகால் மணி நேரம். ரயில் சுற்றிக்கொண்டு போகும், மூன்று மணி நேரத்துக்கு மேல் ஆகும், அதை விட்டுவிடலாம். பிரச்சினை போய்ச் சேருவதில் இல்லை, போய்ச் சேர்ந்த பிறகு. டெப்லா ஆறு ஒரு குறுகிய பள்ளத்தாக்கில் வளைந்து ஓடுகிறது. இரண்டு கரையிலும் மஞ்சளும் இளஞ்சிவப்பும் வெள்ளையுமாக நாலைந்து மாடிக் கட்டடங்கள், பால்கனிகள், சுதைச் சிற்பங்கள். பத்து நிமிடம் அழகாக இருக்கும். பதினோராவது நிமிடம், எல்லாம் ஒரே மாதிரி இருக்கிறதே என்று தோன்றும். இந்த ஊரின் கதை சுவரில் தெரியாது, ஒருவர் சொல்லித்தான் தெரியவேண்டும்.

ஆனால் பல கைடுகள் என்ன சொல்வார்கள் என்பதையும் முன்பே சொல்லிவிடுகிறேன். 1350 வாக்கில் நான்காம் சார்லஸ் மன்னர் வேட்டைக்கு வந்தார், மானைத் துரத்திய நாய் வெந்நீரில் விழுந்து அலறியது, அப்படித்தான் ஊற்று கண்டுபிடிக்கப்பட்டது என்பார்கள். நல்ல கதைதான். மன்னர் 1370-ல் ஊருக்கு நகர உரிமைகள் தந்ததற்கு ஆவணம் இருக்கிறது, நாய்க்கு இல்லை. அப்புறம் பிரபலங்கள் பட்டியல் தொடங்கும். ரஷ்யாவின் பீட்டர் மன்னர் 1711-லும் 1712-லும் வந்தார். ஜெர்மன் கவிஞர் கதே பதின்மூன்று முறை வந்தார். இசைமேதை பேத்தோவன் 1812-ல். பின்னால் துருக்கிக் குடியரசை நிறுவிய அத்தாதுர்க் 1918-ல். 1930களில் ஐரோப்பாவில் இருந்த சுபாஷ் சந்திர போஸும் உடல்நலத்துக்காக இங்கே வந்து தங்கியிருக்கிறார், அதை கைடு சொல்லமாட்டார். ஒரு ஜேம்ஸ் பாண்ட் படத்தில் வரும் க்ராண்ட்ஹோட்டல் பூப் முன்னால் எல்லோரும் படம் எடுத்துக்கொள்வார்கள். நீங்களும் எடுத்துக்கொள்ளுங்கள், அதில் தப்பில்லை.

இந்தப் பட்டியலில் எனக்குப் பிடித்தவர் கார்ல் மார்க்ஸ். கல்லீரல் கோளாறுக்காக 1874, 75, 76 என்று மூன்று கோடைகள் வந்தார். அன்று வந்து இறங்கும் விருந்தினர் ஒவ்வொருவரின் பெயரையும் தொழிலையும் அச்சிட்டு வெளியிடுவது ஊர் வழக்கம். மார்க்ஸ் தன்னைச் சொத்து வருமானத்தில் வாழும் 'சார்லஸ் மார்க்ஸ்' என்று பதிவு செய்துகொண்டார். அந்த அந்தஸ்துக்கு நகராட்சிக்கு இரண்டு மடங்கு வரி கட்டவேண்டியிருந்தது. பேர்போன கார்ல் மார்க்ஸ் நான்தான் என்ற சந்தேகம் வராமல் இருக்க இது உதவும் என்று நண்பர் எங்கெல்ஸுக்குக் கடிதம் எழுதினார். போலீஸ் அப்படியும் கண்காணித்தது. மூலதனத்தைப் பற்றி எழுதியவர் முதலாளிக்கான வரியைக் கட்டிவிட்டு, இளவரசர்களுக்கும் ஆலை அதிபர்களுக்கும் நடுவே வரிசையில் நின்று தண்ணீர் குடித்தார்.

சரி, தண்ணீருக்கு வருவோம். உங்கள் கேள்விகளில் முக்கியமானது அதுதான்.

நிலத்தின் ஆழத்துக்கு இறங்கிய நீர் அங்கே சூடேறி, பாறைகளின் உப்புகளைக் கரைத்துக்கொண்டு, கரியமில வாயுவின் அழுத்தத்தில் மேலே வருகிறது. வ்ரீட்லோ நிமிடத்துக்குச் சுமார் 2000 லிட்டரைத் தள்ளுகிறது, சமயத்தில் 12 மீட்டர் உயரத்துக்குப் பீய்ச்சி அடிக்கும். ஒரு லிட்டரில் ஏறக்குறைய 6 கிராம் உப்புகள் இருக்கின்றன, பெரும்பாலும் சோடியம் உப்புகள். குழாய்களில் இந்த உப்பு கல்லாகப் படிந்து அடைத்துக்கொண்டே இருக்கும், சுத்தம் செய்வது ஓயாத வேலை. பழைய ஊரின் நடுப்பகுதி, பதினெட்டாம் நூற்றாண்டு மக்தலேனா தேவாலயம் உட்பட, இந்தத் தண்ணீரே காலகாலமாகப் படியவைத்த கல் ஓட்டின் மேல்தான் நிற்கிறது. கடைகளில் பழுப்பு நிறத்தில் கல் ரோஜா விற்பார்கள். காகிதப் பூவைச் சில வாரம் ஊற்று நீரில் வைத்திருந்து கல்லாக்குகிறார்கள். பிளாஸ்டிக் பொம்மைகளை விட அது நல்ல ஞாபகப் பொருள்.

பன்னிரண்டையும் ருசிக்கலாம் என்ற விளம்பரத்தைக் கண்டுகொள்ளாதீர்கள். எல்லாம் அடிப்படையில் ஒரே தண்ணீர்தான். சூடும் வாயுவின் அளவும்தான் ஊற்றுக்கு ஊற்று மாறும். சூடு குறைந்தவை வயிற்றை இளக்கும் என்று ஊரில் சொல்வார்கள், அதை நம்புங்கள். ருசி என்றால் வெதுவெதுப்பான உப்புத் தண்ணீரில் துருப்பிடித்த ஆணியைப் போட்டு வைத்தது போல இருக்கும். உங்களுக்கு பிபி இருக்கிறது. லிட்டருக்கு 6 கிராம் உப்பு என்பதைச் சொல்லி உங்கள் டாக்டரிடம் கேட்டுவிடுங்கள். அவர் சரி என்றாலும் இரண்டு மூன்று ஊற்றுகளில் ஒவ்வொரு வாய், அதோடு நிறுத்திக்கொள்ளலாம்.

இதில் ஏதாவது இருக்கிறதா? 1522-ல் வாக்லாவ் பயேர் என்ற மருத்துவர் இந்த ஊற்றுகளைப் பற்றி முதல் நூலை எழுதினார். அதுவரை மணிக்கணக்காகத் தொட்டியில் ஊறுவதுதான் வைத்தியம். அவர் குடிக்கவும் சொன்னார். மக்கள் அளவு தெரியாமல் பிடித்துக்கொண்டு ஒரு நாளைக்குப் பல பத்துக் கோப்பைகள் குடிக்கத் தொடங்கினார்கள். பதினெட்டாம் நூற்றாண்டில் டேவிட் பெக்கர் என்ற மருத்துவர் தண்ணீரை முறையாகப் பகுத்து ஆராய்ந்து, அளவைக் குறைத்து, நடந்துகொண்டே குடிக்கவேண்டும் என்று விதித்தார். (1807-லிருந்து இங்கே காய்ச்சப்படும் பெக்கரோவ்கா மூலிகை மதுவின் பெக்கர் வேறு ஆள். அந்த மதுவைப் 'பதின்மூன்றாவது ஊற்று' என்பார்கள், கைடும் தவறாமல் அந்த ஜோக்கைச் சொல்வார்.) இன்று ஊரில் பார்க்கும் நீண்ட தூண் மண்டபங்களெல்லாம் அந்த விதிக்காகக் கட்டப்பட்டவை. மழை பெய்தாலும் நோயாளி நடக்கவேண்டும், நடந்தால்தான் குடிக்கலாம்.

அந்தக் கால நோயாளி மூன்று நான்கு வாரம் தங்குவார். விடியற்காலையில் எழுந்து, வாத்திய இசை கேட்டுக்கொண்டே வரிசையில் நின்று குடித்து, காட்டுப் பாதையில் நடந்து, அளவாகச் சாப்பிட்டு, சீக்கிரம் தூங்குவார். பெருந்தீனிக்காரப் பணக்காரர் ஒருவர் ஒரு மாதம் இப்படி இருந்தால் தண்ணீரில் ஒன்றும் இல்லாவிட்டாலும் உடம்பு தேறும். தண்ணீருக்குப் பங்கே இல்லை என்று நான் சொல்லவில்லை. செரிமானக் கோளாறுகளுக்கும் சர்க்கரைக்கும் இன்றும் அங்கே மருத்துவர் மேற்பார்வையில் வாரக்கணக்கில் சிகிச்சை நடக்கிறது. ஆனால் ஒரு நாள் போய்வருகிறவருக்கு அதில் எதுவும் கிடைக்காது. உங்கள் மனைவி மாத்திரையை வழக்கம்போலப் போட்டுக்கொள்ளட்டும்.

மண்டபங்களில் மில் மண்டபத்துக்கு மட்டும் நேரம் ஒதுக்குங்கள். ப்ராகின் தேசிய நாடக அரங்கைக் கட்டிய யோசெஃப் சீடெக் கட்டியது, 1881-ல் முடிந்தது. 124 தூண்கள், மேலே பன்னிரண்டு மாதங்களுக்குப் பன்னிரண்டு சிலைகள். தோற்றத்தில் அதற்கு முற்றிலும் மாறானது, வ்ரீட்லோ பீய்ச்சும் கண்ணாடியும் கான்கிரீட்டுமான மண்டபம். அங்கே முன்பிருந்த அழகிய வார்ப்பிரும்பு மண்டபத்தை 1939-ல் உலோகத்துக்காகப் பிரித்துவிட்டார்கள். இப்போதிருப்பது 1975-ல் கம்யூனிஸ்ட் ஆட்சியில் வந்தது, விண்வெளி வீரர் ககாரின் பெயரில். ஆட்சி போன பிறகு பெயரும் போனது, அவருடைய சிலை ஊரின் விமான நிலையத்துக்குப் போய்விட்டது. இதை அசிங்கம் என்று சொல்லாத கைடு குறைவு. எனக்குப் பிடிக்கும். சுற்றிலும் உள்ள சுதை அலங்காரத்துக்கு நடுவில் இது ஒன்றுதான் நடிக்காமல் நிற்கிறது.

இனி, கைடிடம் நீங்களாகவே கேட்கவேண்டியது. பஸ்ஸில் திரும்பும்போது கேட்டால் நல்லது, வேடிக்கை பார்க்கும் அவசரம் இருக்காது. இந்தக் கட்டடங்களைக் கட்டியவர்கள் எங்கே என்று கேளுங்கள்.

கார்லோவி வாரிக்கு முன்பு கார்ல்ஸ்பாட் என்றுதான் உலகம் முழுக்கப் பெயர். ஆஸ்திரியப் பேரரசில் இருந்த ஜெர்மன் மொழி பேசும் ஊர் அது. முதல் உலகப் போருக்குச் சற்று முன்பு ஆண்டுக்குச் சுமார் 70,000 பேர் சிகிச்சைக்கு வந்தார்கள். 1921-லும் 1923-லும், யூதர்களுக்குப் பாலஸ்தீனத்தில் தாயகம் வேண்டும் என்ற இயக்கத்தின் உலக சியோனிஸ்ட் மாநாடு இங்கே நடந்தது. யூதர்களுக்கு அவ்வளவு பழக்கமான ஊர். 1938 ஏப்ரலில் இதே ஊரில்தான் சுடேட்டன் ஜெர்மானியர்களின், அதாவது நாட்டின் எல்லைப் பகுதிகளில் வாழ்ந்த ஜெர்மன் மொழியினரின், தலைவர் ஹென்லைன் செக்கோஸ்லோவாகியாவிடம் தன் எட்டுக் கோரிக்கைகளை வைத்தார். அக்டோபரில் ஹிட்லரின் படை வந்தது. நவம்பரில் யூதக் கோயில் எரிந்தது. போர் முடிந்ததும் செக்கோஸ்லோவாகியாவிலிருந்து ஏறக்குறைய முப்பது லட்சம் ஜெர்மானியர்கள் வெளியேற்றப்பட்டார்கள். இந்த ஊரும் ஏறத்தாழக் காலியானது. செக் மக்கள் வந்து குடியேறினார்கள், குளியல் விடுதிகள் அரசுடைமையாயின, தொழிற்சங்கச் சீட்டோடு சுரங்கத் தொழிலாளிகள் வந்து தங்கினார்கள். 1990களில் ரஷ்யப் பணம் வந்து வீடுகளை வாங்கியது. 2022-ல் உக்ரைன் போர் தொடங்கியபின் அதுவும் வற்றியது.

அதாவது, தேவதைக் கதை மாதிரி இருக்கும் அந்தத் தெருவில் இன்று இருப்பவர்களில் பெரும்பாலோருக்கு அந்தக் கட்டடங்களைக் கட்டியவர்களோடு உறவு எதுவும் இல்லை. இதை நினைத்துக்கொண்டு முகப்புகளைப் பார்த்தால் பதினோராவது நிமிட அலுப்பு வராது. நான் போன டூரில் கேட்டபோது கைடு கொஞ்சம் யோசித்துவிட்டு, தன் பாட்டி 1946-ல் வந்து இறங்கியபோது அடுப்பங்கரையில் வேறு யாருடைய பாத்திரங்களோ இருந்தன என்று மட்டும் சொன்னார். அதன் பிறகு மைக்கை அணைத்துவிட்டு எங்கள் பக்கம் வந்து உட்கார்ந்து வெகுநேரம் பேசினார். எல்லோரும் இப்படிப் பேசுவார்கள் என்று எதிர்பார்க்கவேண்டாம். கேட்பதில் நஷ்டம் இல்லை.

சில நடைமுறை விஷயங்கள். 2021-ல் ஏழு நாடுகளின் பதினொரு குளியல் நகரங்களைச் சேர்த்து யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் வைத்தார்கள், இதுவும் அதில் ஒன்று, அதனால் கூட்டம் உண்டு. டூர்களில் கண்ணாடிப் பொருள் கடைக்கோ மது அருங்காட்சியகத்துக்கோ அழைத்துப்போவார்கள். எங்களை ஒரு கடையில் முக்கால் மணி நேரம் நிறுத்திவைத்தார்கள், ஊரில் சுற்றக் கிடைத்த நேரம் அதை விடக் கொஞ்சம்தான் அதிகம். முன்பதிவு செய்யும்போதே உங்கள் விருப்பத்துக்கு எத்தனை மணி நேரம் விடுவார்கள் என்று கேட்டு, இரண்டு மணி நேரத்துக்குக் குறைவென்றால் வேறு டூர் பாருங்கள். அந்த நேரத்தில் கேபிள் ரயிலில் டயானா கோபுரத்துக்கு ஏறி, காட்டுப் பாதையில் நடந்து இறங்குங்கள். முழங்கால் ஒத்துழைத்தால்தான். இல்லையென்றால் ஆற்றோரம் போதும்.

சாப்பாட்டில் சைவத்துக்கு எங்கும் கிடைப்பது ரொட்டித்தூளில் புரட்டிப் பொரித்த பாலாடைக்கட்டி, உருளைக்கிழங்கோடு தருவார்கள். ஒரு தடவைக்கு மேல் ஓடாது. மகளை ஒரு டப்பா தயிர்சாதம் கட்டித்தரச் சொல்லுங்கள், ஆற்றோர பெஞ்சில் உட்கார்ந்து சாப்பிட்டால் யாரும் ஒன்றும் சொல்லமாட்டார்கள். வட்டமான வேஃபர் பிஸ்கட், ஓப்லாட்கி என்பார்கள், சூடாக்கித் தருவார்கள். நடுவில் சர்க்கரையும் கொட்டைத்தூளும் இருக்கும், உங்கள் மனைவிக்குப் பாதி போதும். கோப்பை வாங்கினால் கைப்பிடியே குழலாக உள்ள பீங்கான் கோப்பையாகப் பார்த்து வாங்குங்கள், கைப்பிடி வழியாகத்தான் உறிஞ்சவேண்டும்.

கடைசியாக ஒன்று. கிளம்புவதற்கு முந்தைய ஒரு மணி நேரத்தில் ஊற்றுத் தண்ணீர் குடிக்காதீர்கள். திரும்பும் வழி இரண்டு மணி நேரத்துக்கு மேல், பஸ் நினைத்த இடத்தில் நிற்காது. ஊரிலுள்ள பொதுக் கழிப்பறைகளுக்கு சில்லறையாக செக் க்ரவுன் கையில் வைத்திருங்கள், பல இடங்களில் யூரோ செல்லாது.