ஏற்பு விகிதம் குறைந்த பல்கலைக்கழகம்தான் கல்வித்தரத்தில் உயர்ந்ததா?

இல்லை. ஏற்பு விகிதம் என்பது விண்ணப்பித்தோரில் எத்தனை சதவீதத்தினர் சேர்த்துக்கொள்ளப்பட்டார்கள் என்பது; எத்தனை பேர் கேட்டார்கள், எத்தனை இடங்கள் இருந்தன என்பதே அந்த எண்ணில் இருக்கிறது. வகுப்பில் என்ன நடக்கிறது என்பது அதில் இல்லை.

இலங்கையில், எங்கள் மட்டக்களப்பில் ஏற்பு விகிதம் என்று எவரும் பேசுவதில்லை, வெட்டுப்புள்ளி என்றுதான் பேசுவோம். உயர்தரப் பெறுபேறு வந்த பின்னர் ஒருநாள் களுவாஞ்சிகுடியில் அக்கா வீட்டு விறாந்தையில் அவருடைய மகள் அனுமதிக் கைநூலை விரித்து வைத்துக்கொண்டு, விவசாயக் கற்கைநெறி உள்ள பல்கலைக்கழகங்களைப் பென்சிலால் வரிசைப்படுத்திக்கொண்டிருந்தாள். முதலாவதை ஏன் முதலில் போட்டாய் என்று கேட்டேன். "அதுக்குத்தானே மாமா வெட்டுப்புள்ளி கூட" என்றாள்.

வெட்டுப்புள்ளி என்பது கடைசியாக இடம் கிடைத்தவரின் இஸட் புள்ளி (பாடங்களின் கடினத்தைச் சமன்செய்து கணிக்கும் உயர்தரப் பரீட்சைப் புள்ளி), அவ்வளவுதான். பெரும்பாலான கற்கைநெறிகளில் 40 சதவீத இடங்கள் அகில இலங்கைத் திறமை அடிப்படையிலும், 55 சதவீதம் மாவட்டங்களின் சனத்தொகைக்கேற்பவும், மீதி 5 சதவீதம் மட்டக்களப்பு, அம்பாறை போன்ற பின்தங்கிய மாவட்டங்களுக்கும் போவதால், ஒரே மருத்துவபீடத்துக்குக் கொழும்புப் பிள்ளைக்கு ஒரு வெட்டுப்புள்ளியும் அம்பாறைப் பிள்ளைக்கு இன்னொன்றும் இருக்கும். இருவரும் ஒரே விரிவுரையைத்தான் கேட்கிறார்கள். அந்தப் பீடத்தின் தரத்தை இவற்றில் எந்த எண்ணால் அளப்பது? கொழும்பிலிருந்து தூரம் என்ற ஒரே காரணத்துக்காகப் பலர் வந்தாறுமூலையிலுள்ள கிழக்குப் பல்கலைக்கழகத்தையும் ஒலுவிலிலுள்ள தென்கிழக்குப் பல்கலைக்கழகத்தையும் விருப்பப் பட்டியலின் அடியில் போடுகிறார்கள். அதனாலும் புள்ளி இறங்கும்.

அமெரிக்காவிலும் இதே கதைதான். 2000களின் நடுப்பகுதியில் விண்ணப்பித்தோரில் ஏறத்தாழ 40 சதவீதத்தினரைச் சேர்த்துக்கொண்ட சிக்காகோ பல்கலைக்கழகம், 2013ஆம் ஆண்டளவில் 10 சதவீதத்துக்கும் குறைவானோரையே சேர்த்தது. அதன் பேராசிரியர்கள் முன்னரே பேர்போனவர்கள். இடையில் அது, ஒரே படிவத்தால் பல பல்கலைக்கழகங்களுக்கு விண்ணப்பிக்கக்கூடிய பொது விண்ணப்பப் படிவத்தில் இணைந்தது, ஆள்திரட்டலைத் தீவிரப்படுத்தியது, விண்ணப்பங்கள் குவிந்தன. அமெரிக்கப் பல்கலைக்கழகங்களை வரிசைப்படுத்தும் யூ.எஸ். நியூஸ் தரவரிசையும் 2018இல் ஏற்பு விகிதத்தைக் கணக்கிலிருந்து நீக்கிவிட்டது.

கெட்டிக்காரப் பிள்ளைகளோடு சேர்ந்து படிப்பதில் பயன் இருக்கிறது என்பதை மறுக்கமாட்டேன். ஆனால் நான் படித்த பீடத்தின் வெட்டுப்புள்ளி அந்த வருடம் மிக உயர்ந்திருந்தும், மூன்றாம் வருடத்தில் ஒரு பாடத்துக்கு விரிவுரையாளரே இல்லாமல், மூத்த மாணவர்களின் குறிப்புகளைப் போட்டோகொப்பி எடுத்துப் பரீட்சை எழுதினோம். கெட்டிக்காரர்கள் நிறைந்த வகுப்புத்தான், கற்பிக்கத்தான் ஆளில்லை.

ஆகையால் அக்காவின் மகளிடம், ஒவ்வொரு பீடத்திலும் இறுதி வருடத்தில் படிக்கும் ஒருவரைத் தேடிப் பிடித்து மூன்று விடயங்களைக் கேட்கச் சொன்னேன்: நிரந்தர விரிவுரையாளர்கள் எத்தனை பேர், செய்முறை வகுப்பில் ஒரு நுண்ணோக்கிக்கு எத்தனை மாணவர், நான்கு வருடப் படிப்பு உண்மையில் எத்தனை வருடத்தில் முடிகிறது. இரண்டு நாட்கள் தொலைபேசியோடு அலைந்தாள். மூன்றாவது நாள் பட்டியலை அழித்துவிட்டு, நான்காவதாக இருந்ததை முதலாவதாக எழுதினாள். அந்த நுண்ணோக்கிக் கேள்விக்கு "ஆளுக்கொன்று" என்று பதில் சொன்ன ஒரே இடம் அதுவாம்.