புயலடித்த அம்மா வீடு: கடன் வாங்கலாமா, விற்றுவிடலாமா?

கேள்வி: ஐயா, எனக்கு வயது 43. பட்டர்வொர்த்தில் வேலை. அப்பா காலமான பிறகு அம்மா பிறையில் உள்ள எங்கள் பழைய தொடர்வீட்டில் தனியாக இருக்கிறார். சென்ற மாதம் வீசிய புயலில் கூரைத் தகடுகள் பறந்துவிட்டன. அன்றிரவே வெள்ளம் பூஜை மேடையின் முதல் படி வரை ஏறிவிட்டது. வீட்டைச் சரிசெய்ய 45,000 ரிங்கிட் ஆகும் என்கிறார் குத்தகையாளர். காப்புறுதி நிறுவனமோ 25,800 தான் தருவதாகக் கடிதம் அனுப்பியுள்ளது. குளிர்பதனப் பெட்டி, சலவை இயந்திரம், மெத்தை, அலமாரி என்று போனது இன்னும் 12,000 இருக்கும். அதற்குக் காப்புறுதி இல்லை. கோலாலம்பூரில் இருக்கும் அண்ணன், விற்றுவிடலாம் என்கிறார். தீபாவளிக்கும் பள்ளி விடுமுறைக்கும் பேரப்பிள்ளைகள் எல்லாரும் கூடுவது அந்த வீட்டில்தான். அம்மா ஈரத்தில் ஒட்டிக்கொண்ட ஆல்பங்களைப் பிரித்துப் பிரித்துப் பார்த்து அழுகிறார். வங்கி ஒன்று 30,000 ரிங்கிட் தனிநபர் கடன் தரத் தயாராக இருக்கிறது. வட்டி 8 விழுக்காடு, ஐந்து ஆண்டு. ஆண்டிறுதிச் சுற்றுலாவுக்குச் சேர்த்த 6,500 என்னிடம் இருக்கிறது. அம்மா தன் நிலையான வைப்பு 30,000-ஐ உடைக்கச் சொல்கிறார். என்ன செய்வது?

பதில்: சகோதரி, முதலில் அந்த வங்கிக் கடனை வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். வீட்டை இந்த ஆண்டு விற்கவும் வேண்டாம். சுவரில் வெள்ளக்கோடு தெரியும் வீட்டைப் பார்க்க வருகிறவர், அந்தக் கோட்டுக்கும் சேர்த்தே விலையைக் குறைப்பார். அதைவிட, துக்கம் ஆறாத வேளையில் எடுத்த முடிவால் அண்ணன் தங்கை உறவு முறிந்துபோன குடும்பங்களை இந்தத் தொழிலில் நான் நிறையப் பார்த்திருக்கிறேன்.

25,800 எப்படி வந்தது என்று பார்ப்போம். உங்கள் கடிதத்தோடு இணைத்திருந்த தாளின்படி வீட்டின் காப்புறுதித் தொகை 120,000. அப்பா வீட்டுக்கடன் எடுத்த காலத்தில் வைத்த தொகை அது. அம்மா ஆண்டுதோறும் அதையே புதுப்பித்து வந்திருக்கிறார். சேதத்தைக் கணக்கிட்ட காப்புறுதி மதிப்பீட்டாளரோ, வீட்டை இன்று புதிதாகக் கட்ட 200,000 ஆகும் என்று எழுதியிருக்கிறார். தேவையான தொகையில் 60 விழுக்காட்டுக்குத்தான் காப்புறுதி இருப்பதால், சேதத்திலும் 60 விழுக்காடுதான் கிடைக்கும். 45,000-இல் 27,000. வெள்ளச் சேதத்தில் காப்புறுதித் தொகையின் 1 விழுக்காடு அல்லது 2,500 ரிங்கிட், இரண்டில் எது குறைவோ அதை நாம்தான் ஏற்க வேண்டும். உங்களுக்கு அது 1,200. மீதி 25,800. கணக்கில் பிழையில்லை. ஆனால் அந்த 200,000 சரிதானா என்று நீங்கள் கேட்கலாம், கேட்கவும் வேண்டும். மதிப்பீட்டாளரின் அறிக்கையை எழுத்து மூலமாகக் கேளுங்கள். நிலத்தின் விலை இதில் சேரக்கூடாது. கட்டுமானச் செலவு மட்டுமே கணக்கு. உங்கள் வட்டாரக் குத்தகையாளர்கள் இருவரிடம் மறுகட்டுமான மதிப்பீடு வாங்குங்கள். அது 160,000 என்று வந்தால் உங்களுக்குரிய தொகை 32,550 ஆகிறது, அதாவது 6,750 கூடுதல். அதற்காக நாலு கடிதம் எழுதினால் தவறில்லை. நிறுவனம் இறுதியாக மறுத்தால், நிதி நிறுவனங்கள்மீதான புகார்களை விசாரிக்க 2025 முதல் இயங்கும் நிதிச் சந்தை ஒம்பட்ஸ்மன் சேவையிடம் ஆறு மாதத்துக்குள் புகார் செய்யலாம். அதுவரை சேதமான பொருள்களைப் படம் எடுக்காமல் வீசிவிடாதீர்கள்.

இப்போது கடன். வங்கி சொல்லும் 8 விழுக்காடு, முழு அசலுக்கும் ஐந்து ஆண்டும் போடுகிற வட்டி. 30,000-க்கு வட்டி மட்டும் 12,000. மாதம் 700 வீதம் மொத்தம் 42,000 கட்டுவீர்கள். அசல் குறையக் குறைய வட்டி குறைவதாகக் கணக்கிட்டால் உண்மையான வட்டி ஏறக்குறைய 14 விழுக்காடு. இவ்வளவு விலை கொடுக்க இங்கே அவசியமே இல்லை.

ஏன் என்றால், எல்லா வேலையும் ஒரே நேரத்தில் நடக்க வேண்டியதில்லை. குத்தகையாளரின் பட்டியலில் கூரை 16,000, மின்கம்பி வேலை 7,000, பூச்சும் சாயமும் 9,000, கதவுகளும் சமையலறையும் 13,000. முதல் இரண்டும் சேர்ந்து 23,000. காப்புறுதிப் பணத்துக்குள் அடங்கி 2,800 மிஞ்சுகிறது. பதிவு பெற்ற மின்பணியாளர் பார்த்துச் சரி என்று சொல்லும்வரை அந்த வீட்டில் மின்சாரம் போட வேண்டாம். பூச்சு வேலை காத்திருந்தால்தான் நல்லது. நனைந்த செங்கல் சுவர் முழுதும் உலர மாதக்கணக்கில் ஆகும். ஈரச்சுவர்மேல் அடித்த சாயம் அடுத்த தீபாவளிக்குள் உரிந்து விழும். செய்த செலவு வீண்.

மீதித் தேவை 19,200. வங்கிக்குக் கட்டவிருந்த அந்த 700-ஐ மாதாமாதம் தனிக் கணக்கில் போடுங்கள். அண்ணனும் 700 போட்டால் பதினான்கு மாதத்தில் முடிந்துவிடும். காப்புறுதித் தொகை உயர்ந்து வந்தால் ஒன்பது மாதமே போதும். அவசரம் ஏதாவது வந்தால் ஊழியர் சேமநிதி வாரியத்தின் மூன்றாவது கணக்கான நெகிழ்வுக் கணக்கில் கை வைக்கலாம். 2024 மே மாதம் தொடங்கிய கணக்கு அது. எப்போது வேண்டுமானாலும் எடுக்கலாம், வட்டி கட்ட வேண்டியதில்லை. ஓய்வுக்கால ஈவு போகும் என்பதை மட்டும் நினைவில் வையுங்கள். 2024-க்கு வாரியம் 6.30 விழுக்காடு கொடுத்தது. வாரியத்தின் வீட்டுவசதித் திட்டம் வாங்கவும் கட்டவும் கடன் அடைக்கவும் மட்டுமே. பழுதுபார்ப்புக்கு அதில் எடுக்க முடியாது. அம்மாவின் வைப்பை யாரும் தொட வேண்டாம். அது அவருடைய சாப்பாடும் மருந்தும். வெள்ள உதவித்தொகைக்கு மாவட்ட அலுவலகத்தில் பெயர் பதிந்தாயிற்றா என்று மட்டும் விசாரியுங்கள்.

சுற்றுலாப் பணம் 6,500-இல் 4,500-ஐக் குளிர்பதனப் பெட்டி, சலவை இயந்திரம், இரண்டு மெத்தைக்குச் செலவிடுங்கள். மற்ற பொருள்கள் மெல்ல வரட்டும். எஞ்சிய 2,000-ஐ நான் விடச் சொல்ல மாட்டேன். இந்த ஆண்டு மலைக்கும் கடலுக்கும் தூரம் போகாமல், கூரை போட்ட அந்த வீட்டிலேயே பிள்ளைகளை அழைத்துத் தங்குங்கள். ஒரு நாள் பத்து பெரிங்கி கடற்கரை, ஒரு மாலை தண்ணீர்மலைக் கோவில், மற்ற நாள்களில் அம்மா கையால் முறுக்கு. பித்தளை முறுக்கு அச்சு தப்பியது என்று எழுதியிருந்தீர்கள். படித்ததும் மனம் நிறைந்தது. இந்தச் செலவு வீண் என்று சிலர் சொல்வார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. 68 வயதான அம்மா, தன் வீட்டில் மீண்டும் பேரப்பிள்ளைகளின் சத்தத்தைக் கேட்க வேண்டும். அதுவும் இந்த ஆண்டே.

ஆல்பங்களைப் பற்றி ஒரு வார்த்தை. ஒட்டிய படங்களை உலர்ந்த நிலையில் பிய்க்க வேண்டாம் என்று அம்மாவிடம் சொல்லுங்கள். முகமே உரிந்து வந்துவிடும். இன்னும் ஈரமாக இருப்பவற்றைச் சுத்தமான குளிர்ந்த நீரில் மெல்ல அலசி, படம் மேலே தெரியும்படி தாளில் பரப்பி நிழலில் உலர்த்தலாம். உடனே செய்ய நேரமில்லையென்றால் நெகிழிப் பையில் போட்டு உறைபெட்டியில் வைத்தால் பூஞ்சை பிடிக்காது. புகைப்பட நிலையத்தில் சீரமைக்கச் செலவாகும்; எல்லாவற்றையும் கொடுக்காமல் அம்மாவே இருபது படங்களைத் தேர்ந்தெடுக்கட்டும். மற்றவற்றைக் கைப்பேசியில் படமெடுத்து, அண்ணன் வீட்டிலும் ஒரு பிரதி இருக்கட்டும்.

நீங்கள் போகிறபோக்கில் எழுதிய ஒரு செய்திதான் எனக்கு அதிகக் கவலை தருகிறது. வீட்டுக் கிராண்ட், அதாவது உரிமைப் பத்திரம், இன்னும் அப்பா பெயரில் இருக்கிறது, உயிலும் இல்லை. முஸ்லிம் அல்லாதவர்களுக்கான 1958-ஆம் ஆண்டுப் பங்கீட்டுச் சட்டப்படி, அப்பாவைப் பெற்றவர்கள் உயிரோடு இல்லாத நிலையில் மனைவிக்கு மூன்றில் ஒரு பங்கு, பிள்ளைகளுக்கு மூன்றில் இரண்டு. ஆக அம்மா, அண்ணன், நீங்கள் மூவருக்கும் சமபங்கு. அம்மாவின் வீடு என்று நாம் சொன்னாலும் சட்டம் அப்படிப் பார்ப்பதில்லை. பெயர் மாறாமல் விற்கவும் முடியாது. இறந்தவர் சொத்தை வாரிசுகளுக்குப் பிரிக்கும் சிறு சொத்து விசாரணையை நில அலுவலகத்திலேயே நடத்தலாம். அங்கே நீங்களும் அண்ணனும் உங்கள் பங்கை அம்மாவுக்கு விட்டுக்கொடுக்கலாம்; அல்லது மூவர் பெயரிலும் பதிந்து, அம்மா இருக்கும்வரை விற்பதில்லை என்று எழுதிக்கொள்ளலாம். யார் எவ்வளவு பழுதுக்குப் போட்டார் என்பதையும் ஒரு நோட்டில் எழுதி மூவரும் கையெழுத்திடுங்கள். அண்ணனை எதிரியாக நினைக்காதீர்கள். தனியாக இருக்கும் அம்மாவை நினைத்து அவர் பயப்படுகிறார். அந்தப் பயமும் நியாயமானதுதான்.

2017 நவம்பர் 4, 5-இல் பினாங்கைப் புரட்டிப்போட்ட புயலும் வெள்ளமும் ஏழு உயிர்களைக் கொண்டுபோயின. தீபாவளி முடிந்து மூன்று வாரம்கூட ஆகவில்லை அப்போது. இது மறுபடியும் வரும் என்று வைத்துக்கொண்டே திட்டமிட வேண்டும். வெறும் தீ காப்புறுதியில் புயலும் வெள்ளமும் சேராது. அம்மா வைத்திருப்பது வீட்டு உரிமையாளர் காப்புறுதி, அதனால்தான் இவ்வளவாவது கிடைத்தது. அடுத்த புதுப்பிப்பில் தொகையை மறுகட்டுமானச் செலவுக்கு உயர்த்துங்கள். வீட்டுப் பொருள்களுக்கான தனிக் காப்புறுதியையும் சேருங்கள். உங்கள் காருக்கு வெள்ளச் சேத இணைப்பு இருக்கிறதா என்று பாருங்கள். சாதாரண முழுக் காப்புறுதியில் அது தானாக வராது. புதுப்பிக்கும் நாளை அம்மாவின் நாள்காட்டியில் குறித்துவிட்டு, முகவரை அழைக்கும் பொறுப்பை நீங்கள் எடுத்துக்கொள்ளுங்கள்.