தர்மபுரியில் இரண்டடித் தொட்டியில் சக்கர் மீன் வளர்க்கலாமா? பாசியை அதுவே தின்றுவிடுமா?

குட்டியாக இருக்கும்வரை வளர்க்கலாம், அதற்கு மேல் முடியாது. கடையில் விரல் நீளத்தில் தருவது தென்னமெரிக்க ஆறுகளின் கெளுத்தி இனம். நன்றாக வளர்ந்தால் ஒன்றரை அடியை எட்டும், பத்து வருடத்துக்கு மேலும் வாழும். இரண்டடித் தொட்டியில் அது திரும்பக்கூட இடமிருக்காது.

"டேங்க் கிளீனர்" என்று விற்பதுதான் எனக்குப் பிடிக்காத விஷயம். குட்டி பாசியைச் சுரண்டும், சரி. ஆனால் அது போடும் கழிவும் மிக அதிகம். பாசி மட்டும் போதாது. விளக்கை அணைத்தபின் மூழ்கும் தீவனம், லேசாக வேகவைத்த வெள்ளரி, சுரைக்காய்த் துண்டு போடுங்கள். இரவில்தான் இரை தேடும். ஒளிய ஒரு மரக்கட்டை வேண்டும்.

நம் ஊர் போர் தண்ணீரின் கடினத்தன்மையை இது தாங்கிக்கொள்ளும். ஒகேனக்கல் குடிநீரில் குளோரின் இருக்கும், அதற்கான சொட்டு மருந்து விட்டு ஊற்றுங்கள். வாரம் கால்பங்கு தண்ணீர் மாற்றவும். வெப்பம் 24 முதல் 28 டிகிரி. ஓசூர் பக்கத்து மார்கழிக் குளிருக்கு ஹீட்டர் அவசியம். அடிக்கடி மேலே வந்து காற்றை விழுங்கினால் தண்ணீரில் ஆக்சிஜன் குறைவு என்று பாருங்கள் (வயிற்றாலும் சுவாசிக்கும் மீன் இது). வலையில் பிடித்தால் முள் சிக்கும், டப்பாவில் பிடியுங்கள்.

பெரிதானால் காவிரியிலோ கிருஷ்ணகிரி அணையிலோ விடவே கூடாது. கரையைக் குடைந்து முட்டையிட்டுப் பெருகும், மீனவர் வலையையும் கிழிக்கும். கடையிலேயே திருப்பிக் கொடுங்கள்.