அந்த 2,000 டாலரை அம்மாவிடம் ஏன் மறைத்தீர்கள்?

கேள்வி: நான் விருதுநகர்க்காரி. அட்லாண்டாவில் குடியேறிப் பல வருடங்கள் ஆகின்றன. கணவர் ஆப்பிரிக்க அமெரிக்கர். எங்கள் ஒரே மகளுக்கு, கறுப்பினப் பெண்களுக்கான ஸ்பெல்மன் கல்லூரியில் இடம் கிடைத்திருக்கிறது. மாமியார் போகும் சர்ச்சில் கல்லூரிக்குப் போகும் கறுப்பினப் பிள்ளைகளுக்கு வருடம் 2,000 டாலர் உதவித்தொகை தருகிறார்கள். இந்த முறை என் மகளைத் தேர்ந்தெடுத்திருக்கிறார்கள். நாங்கள் இருவரும் நன்றாகச் சம்பாதிக்கிறோம். இந்தச் சின்னத் தொகைக்காக அந்தப் பட்டியலில் அவள் பெயர் வர வேண்டுமா? ஊரில் தெரிந்தால் ‘கோட்டாவில் படிக்கிறாள்’ என்பார்கள். அம்மா போனில் கேட்டபோது, கல்லூரியே தரும் மெரிட் ஸ்காலர்ஷிப் என்று சொல்லிவிட்டேன். மகளும் பக்கத்தில்தான் இருந்தாள், அவளுக்குத் தமிழ் புரியும், ஒன்றும் சொல்லவில்லை. மாமியார் மனம் நோகாமல் இதை மறுப்பது எப்படி?
– பெயர் வேண்டாம், அட்லாண்டா

பதில்: மாமியார் மனம் நோகுமே என்று கவலைப்படுகிறீர்கள். உங்கள் மகளின் மனம் ஏற்கெனவே நொந்துவிட்டது. அதை நீங்களே எழுதிவிட்டு அடுத்த வரிக்குப் போய்விட்டீர்கள்.

அவளுக்குத் தமிழ் புரியும். பக்கத்தில் இருந்தாள். அப்பாவின் அம்மா வாங்கிக் கொடுத்த பெருமையை, அம்மா தன் அம்மாவிடம் சொல்லக் கூசியதைக் காதால் கேட்டாள். அவள் பேசாமல் இருந்ததைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டீர்களா? அந்த வயதுப் பெண், தன்னில் எந்தப் பாதியை வெளியே சொல்லலாம், எதை மறைக்க வேண்டும் என்று தன் தாயிடமிருந்தே தெரிந்துகொண்டாள். இதற்கு மேல் அவள் என்ன பேசுவாள்?

இந்த மாதிரிக் கடிதங்கள் எனக்கு நிறைய வருகின்றன. கல்யாணத்தின்போது வீட்டையே எதிர்த்து நின்ற பெண்கள், பிள்ளை தோளுக்கு மேல் வளர்ந்ததும் ஊர் வாய்க்குப் பயப்படுகிறார்கள். கணவருக்காக அன்று காட்டிய துணிச்சலை மகளுக்காக இன்று காட்ட முடியாதா, அம்மா? மாமியார் குடும்பத்தை ஏற்றுக்கொள்வது என்றால் பண்டிகைக்குப் போய்ச் சாப்பிட்டுவிட்டு வருவது மட்டும்தானா? அவர்கள் உங்கள் குழந்தைக்குச் செய்வதை நாலு பேர் முன்னால் சொல்ல வேண்டும். அது உங்கள் கடமை.

சின்னத் தொகை என்கிறீர்கள். மகள் சேரப்போகும் கல்லூரி எப்படித் தொடங்கியது என்று மாமியாரிடம் கேட்டுப் பார்த்திருக்கிறீர்களா? 1881-இல் சோஃபியா பேக்கர்ட், ஹேரியட் கைல்ஸ் என்ற இரண்டு ஆசிரியைகள், மாசசூசெட்ஸில் ஒரு சர்ச் கொடுத்த 100 டாலரோடு அட்லாண்டாவுக்கு வந்தார்கள். ஃபிரெண்ட்ஷிப் பாப்டிஸ்ட் சர்ச்சின் நிலவறையில் 11 பெண்களுக்குப் பாடம் நடத்தினார்கள். அவர்களில் பெரும்பாலோர் அடிமைத்தளையிலிருந்து விடுபட்டவர்கள். அதுதான் இன்றைய ஸ்பெல்மன். சர்ச்சும் படிப்பும் கறுப்பின மக்களுக்கு வேறு வேறாக இருந்ததே இல்லை.

மிசிசிப்பியில் ஹாட்டிஸ்பர்க் ஊரில் ஒசியோலா மெக்கார்ட்டி என்று ஒரு அம்மாள் இருந்தார். உடம்பு முடியாத பெரியம்மாவைப் பார்த்துக்கொள்ள ஆறாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவர். பிறர் வீட்டுத் துணிகளைத் துவைத்து, இஸ்திரி போட்டே வாழ்ந்தார். 1995-இல் தன் சேமிப்பிலிருந்து 1,50,000 டாலரை, அந்த ஊர்ப் பல்கலைக்கழகத்தில் படிக்கும் பிள்ளைகளின் உதவித்தொகைக்கு எழுதிவைத்தார். கறுப்பின மாணவர்களை 1965 வரை உள்ளே விடாத பல்கலைக்கழகம் அது! உங்கள் மாமியாரின் சர்ச்சில் காணிக்கைத் தட்டில் விழும் பணமும் இப்படிப்பட்ட கைகளிலிருந்து வருவதுதான். அதைச் சின்னத் தொகை என்று நீங்கள் எழுதியதைப் படித்தபோது எனக்குக் கோபம் வந்தது.

நீங்கள் விருதுநகர்க்காரி வேறு. வீட்டுக்கு வீடு பிடியரிசி வாங்கி நடத்திய பள்ளிக்கூடத்தில்தான் காமராஜர் படித்தார். உங்களுக்கா இந்த வெட்கம்?

சரி, அந்தக் ‘கோட்டா’ பேச்சு. இது அரசாங்கப் பணம் இல்லை. கல்லூரி இடம் கிடைத்ததற்கும் இந்த உதவித்தொகைக்கும் சம்பந்தமும் இல்லை. ஏன் இப்படித் தனியாக நிதி திரட்ட வேண்டிவந்தது என்றாவது ஊரில் கேட்பவர்களுக்குச் சொல்லுங்கள். 1944-இல், இரண்டாம் உலகப் போர் முடிந்து வரும் வீரர்களுக்குப் படிப்புச் செலவும் வீட்டுக் கடனும் தருவதாக அமெரிக்கா சட்டம் போட்டது. காகிதத்தில் அது எல்லோருக்கும்தான். ஆனால் தெற்கு மாநிலங்களில் வெள்ளையர் கல்லூரிகள் கறுப்பினத்தவரைச் சேர்க்கவில்லை, வங்கிகள் கடன் தரவில்லை, கறுப்பினக் கல்லூரிகளில் எல்லோருக்கும் இடமும் போதவில்லை. மற்றவர்கள் வீடு வாங்கிப் பிள்ளைகளுக்குச் சொத்தாக விட்டுப் போனார்கள். அதே 1944-இல்தான் டஸ்கீகி என்ற கறுப்பினக் கல்லூரியின் தலைவர் ஃபிரடெரிக் பேட்டர்சன், 27 கறுப்பினக் கல்லூரிகளைச் சேர்த்து ஐக்கிய நீக்ரோ கல்லூரி நிதியைத் தொடங்கினார். அப்புறம் 1973-இல் பேஸ்பால் வீரர் ஜாக்கி ராபின்சன் பெயரில் அவர் மனைவி ரேச்சல் ஒரு அறக்கட்டளை ஆரம்பித்தார். இன்றும் அது கல்லூரிப் பிள்ளைகளுக்குக் கைகொடுக்கிறது. 2023-இல் உச்ச நீதிமன்றம் மாணவர் சேர்க்கையில் இனத்தைக் கணக்கில் எடுக்கக் கூடாது என்றபிறகு, பல பல்கலைக்கழகங்கள் இப்படிப்பட்ட உதவித்தொகைகளின் விதிகளை மாற்றிவிட்டன. சர்ச்சுகளும் அறக்கட்டளைகளும் முன்பைவிட இப்போது அதிகம் தேவைப்படுகின்றன.

கமலா ஹாரிஸ் துணை அதிபரானபோது அவருடைய தாத்தா ஊரான துளசேந்திரபுரத்தில் பட்டாசு வெடித்தார்கள். உங்கள் சொந்தக்காரர்களும் பெருமைப்பட்டிருப்பார்கள். அவர் படித்ததும் ஹவர்டு என்ற கறுப்பினப் பல்கலைக்கழகத்தில்தான். அவருடைய அம்மா சியாமளா கோபாலன், தன் இரண்டு பெண்களையும் இந்த நாடு கறுப்பினப் பெண்களாகத்தான் பார்க்கும் என்று தெரிந்து, அவர்கள் நிமிர்ந்து நிற்கும்படி வளர்த்தார். கோயிலுக்கும் கூட்டிப்போனார், சர்ச்சுக்கும் அனுப்பினார்.

நீங்கள் சொன்னதில் ஒன்று மட்டும் நியாயம்: வருமானம். இதை மாமியாரிடம் வேண்டாம், சர்ச்சின் உதவித்தொகைக் குழுவிடமே நேராகக் கேளுங்கள். பணத்தேவை பார்த்துத் தருவதா, படிப்பையும் சேவையையும் பார்த்துத் தருவதா? தேவை பார்த்து என்றால், வருமானத்தைச் சொல்லி அடுத்த பிள்ளைக்கு விட்டுக்கொடுங்கள், மகளையும் கேட்டுக்கொண்டு. அவள் தகுதிக்காக என்றால் மறுக்க உங்களுக்கு உரிமையே கிடையாது, அது அவள் சம்பாதித்தது. பணம் உறுத்தினால் வருடாவருடம் அதே நிதிக்கு உங்கள் பங்கைப் போடுங்கள்.

எப்படியானாலும் இந்த வாரமே அம்மாவைக் கூப்பிட்டு உண்மையைச் சொல்லுங்கள். அதற்கு முன் மகளிடம் மன்னிப்புக் கேளுங்கள். அம்மாச்சியிடம் அவளே சொல்லட்டும்.

வாங்கிக்கொள்வதானால் ஒரு வேலை பாக்கி இருக்கிறது. வெளியிலிருந்து வரும் உதவித்தொகையைக் கல்லூரியின் நிதி உதவி அலுவலகத்துக்குத் தெரிவிக்க வேண்டும். சில கல்லூரிகள் அதைக் காட்டித் தாங்கள் தரும் தொகையைக் குறைத்துவிடும். குறைப்பதாக இருந்தால், இலவசமாகத் தரும் தொகையைத் தொடாமல் கடனாகத் தரும் பகுதியில் குறைக்க முடியுமா என்று முதலிலேயே எழுதிக் கேளுங்கள். பதிலையும் எழுத்தில் வாங்குங்கள்.