வாசகர் கேள்வி – பதில்: 1912இல் ரூஸ்வெல்ட் தோற்றது ஏன்?

கேள்வி: பதவியில் இருந்த அதிபர் டாஃப்ட், முன்னாள் அதிபர் தியோடர் ரூஸ்வெல்ட் ஆகிய இருவரையும் ஒரே தேர்தலில் வீழ்த்தி, 42 விழுக்காடு வாக்குகளோடு உட்ரோ வில்சன் அமெரிக்க அதிபரானது எப்படி? எங்கள் ஊர் வாசகசாலையில் இதைப் பற்றிப் பெரிய வாக்குவாதமே நடந்தது. (கீழக்கரை வாசகர்)

பதில்: குடியரசுக் கட்சியின் வாக்குகள் டாஃப்டுக்கும் ரூஸ்வெல்ட்டுக்குமாகப் பிரிந்தன என்று ஒரே வரியில் சொல்லிவிடலாம், ஆனால் அவை ஏன் பிரிந்தன என்பதுதான் அறிய வேண்டிய செய்தி. 1904இல் வென்ற இரவிலேயே இனிப் போட்டியிடுவதில்லை என்று அறிவித்த ரூஸ்வெல்ட், 1908இல் தம் நண்பர் டாஃப்டைத் தாமே முன்னிறுத்தி வெற்றி பெறச் செய்தார். 1911 அக்டோபரில் டாஃப்டின் அரசு யு.எஸ். ஸ்டீல் நிறுவனத்தின் மீது ஏகபோகத் தடுப்புச் சட்டப்படி வழக்குத் தொடுத்தபோது, 1907இல் அந்நிறுவனம் இன்னொரு நிறுவனத்தை வாங்குவதற்கு ரூஸ்வெல்ட் இசைவு தந்திருந்த நிகழ்வும் குற்றச்சாட்டில் இடம்பெற்றது. ஏற்கெனவே கசந்திருந்த நட்பு அத்தோடு முறிந்தது.

1912இல் சில மாநிலங்களில் கட்சி வேட்பாளரை வாக்காளர்களே தேர்ந்தெடுக்கும் பிரைமரி தேர்தல்கள் நடந்தன. கட்சி மாநாட்டில் வாக்களித்து வேட்பாளரை முடிவு செய்யும் பிரதிநிதிகளில், அத்தேர்தல்கள் வழியாக ரூஸ்வெல்ட்டுக்கு 278 பேரும் டாஃப்டுக்கு 48 பேரும் கிடைத்தார்கள். டாஃப்டின் சொந்த மாநிலமான ஒஹாயோவே அவரைக் கைவிட்டது. ஆனால் ஜூன் மாதம் சிகாகோவில் கூடிய குடியரசுக் கட்சி மாநாட்டின் கடிவாளம் கட்சி நிர்வாகிகளின் கையில் இருந்தது. சர்ச்சைக்குள்ளான 254 பிரதிநிதி இடங்களில் 235ஐ டாஃப்டுக்கும் வெறும் 19ஐ ரூஸ்வெல்ட்டுக்கும் அவர்கள் ஒதுக்கினார்கள்; டாஃப்டே வேட்பாளரானார். கட்சிக்கு வாக்கே கிடைக்காத தென்மாநிலங்களிலிருந்து வந்த பிரதிநிதிகளில் பலர், அதிபரின் தயவால் அஞ்சலக அதிகாரி போன்ற பதவிகளில் அமர்ந்திருந்தவர்கள் என்பதை நினைவில் கொண்டால், ரூஸ்வெல்ட் வெளியேறியதை வெறும் பதவி ஆசை என்று தள்ளிவிட என் மனம் ஒப்பவில்லை. வாக்காளர்கள் சொன்னதைக் கட்சி கேட்கவில்லை; அவர் ஆகஸ்ட் மாதம் அதே சிகாகோவில் முற்போக்குக் கட்சியைத் தொடங்கினார்.

  

நவம்பர் தேர்தலில் ஜனநாயகக் கட்சி வேட்பாளரான வில்சனுக்கு ஏறத்தாழ 63 லட்சம் வாக்குகள் கிடைத்தன. 1908இல் தோற்ற அதே கட்சியின் வேட்பாளர் பிரையன் பெற்றதோ ஏறத்தாழ 64 லட்சம். அன்று தோற்றவரைவிடக் குறைவாக வாங்கியவர் இன்று வென்றார்! நம் தொகுதிகளில் எதிர்வாக்குகள் சிதறும்போது முதலில் நிற்பவர் பாதி வாக்குகூடப் பெறாமல் வெல்வதுபோல, அங்கே மாநிலத்துக்கு மாநிலம் முதலில் வந்தவருக்கே, அதிபரை முறைப்படி தேர்ந்தெடுக்கும் அம்மாநிலத் தேர்வாளர்களின் வாக்குகள் அநேகமாக முழுமையாகச் சென்றன. 531 தேர்வாளர் வாக்குகளில் வில்சனுக்கு 435, ரூஸ்வெல்ட்டுக்கு 88. டாஃப்டுக்கு யூட்டா, வெர்மான்ட் ஆகிய இரு மாநிலங்களின் 8 மட்டுமே. நான்காவதாக நின்ற சோஷலிஸ்ட் வேட்பாளர் யூஜின் டெப்ஸும் 6 விழுக்காடு வாக்குகள் பெற்றார்.

கேள்வி: குண்டடி பட்ட பிறகும் ரூஸ்வெல்ட் மேடையில் பேசினாராமே, உண்மையா? (தொண்டி வாசகர்)

பதில்: முழு உண்மை. 1912 அக்டோபர் 14 அன்று மில்வாக்கி நகரில், விடுதியிலிருந்து கூட்டத்துக்குப் புறப்பட்ட வேளையில், மூன்றாம் முறையாக எவரும் அதிபராகக் கூடாது என்ற வெறியோடு பல நாள் பின்தொடர்ந்து வந்த ஒருவன் அவரைச் சுட்டான். சட்டைப்பையில் 50 பக்க உரை இரண்டாக மடித்து வைக்கப்பட்டிருந்தது. கூடவே இரும்பாலான மூக்குக்கண்ணாடிக் கூடும் இருந்தது. இரண்டையும் துளைத்ததில் குண்டின் வேகம் தணிந்தது. ரூஸ்வெல்ட் கையில் இருமிப் பார்த்தார். இரத்தம் வராததால் நுரையீரல் தப்பியது என்று உறுதி செய்துகொண்டார். மருத்துவமனைக்குப் போக மறுத்து மேடையேறி, ஓட்டை விழுந்த தாள்களைக் கூட்டத்துக்குக் காட்டிவிட்டு, ஒரு மணி நேரத்துக்கும் மேலாகப் பேசினார். குண்டு கடைசிவரை அவர் மார்பிலேயே தங்கிவிட்டது.

கேள்வி: அத்தேர்தலால் கறுப்பின மக்களுக்கு விடிவு ஏதும் பிறந்ததா? (மண்டபம் வாசகர்)

பதில்: இல்லை, வேதனையோடுதான் இதை எழுதுகிறேன். தென்மாநில வெள்ளையரின் வாக்கை எதிர்பார்த்து, அங்கிருந்து வந்த கறுப்பினப் பிரதிநிதிகளை ரூஸ்வெல்ட்டின் புதிய கட்சியே தன் மாநாட்டில் ஏற்க மறுத்தது. வில்சன் நியாயமாக நடத்துவதாக வாக்களித்ததை நம்பி, டு பாய்ஸ், மன்ரோ டிராட்டர் போன்ற கறுப்பினத் தலைவர்கள் அவரை ஆதரித்தார்கள். 1913இல் அவர் பதவியேற்றதும் அஞ்சல் துறையிலும் கருவூலத்திலும் கறுப்பின ஊழியர்களுக்குத் தனி உணவறை, தனிக் கழிப்பறை என்று பிரிக்கத் தொடங்கினார்கள். 1914 முதல் அரசுப் பணிக்கு விண்ணப்பிப்போர் நிழற்படம் இணைக்க வேண்டும் என்ற விதியும் வந்தது. அவ்வாண்டு நவம்பரில் டிராட்டர் ஒரு குழுவோடு வெள்ளை மாளிகைக்குச் சென்று, கொடுத்த வாக்கு என்னாயிற்று என்று வில்சனிடம் நேருக்கு நேர் கேட்டார். பிரித்து வைப்பது இழிவல்ல, உங்களுக்கே நன்மை என்று பதில் சொன்ன வில்சன், டிராட்டரின் பேச்சுத் தொனியைக் குறைகூறி, அவர்களை வெளியே அனுப்பிவிட்டார்.